காலி சீட்டுக்கு பெல்ட்

மணி பன்னிரண்டு... ராத்திரி பன்னிரண்டு என்று நினைத்து யாரும் போர்வையை இழுத்துவிட வேண்டாம். பட்டப்பகல் பன்னிரண்டு. சித்திரை மாதத்து வெயில். நம் நிழலே நம் காலுக்கடியில் ஒளிந்துகொள்கிற நேரம்.

ரோடு... பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும்போது சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துபோகப் பிடிக்காதவர்கள் மெயின் ரோட்டை விட்டு இறங்கித் திரும்புகிற குறுக்கு ரோடு. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். பாதி வழியில் சுண்ணாம்புக்கல்லை வெட்டி எடுத்துவிட்டு மூடாமல் போட்டுப்போன பெரிய பள்ளம். அடியில் பச்சைத் தண்ணீர். கரையில் ஒரு வீடு கிடையாது, ஒரு கடை கிடையாது. ஆடு மேய்க்கிறவர்கள்கூட உச்சிப்பொழுதில் அந்தப் பக்கம் ஓட்ட மாட்டார்கள்.

அந்தப் பள்ளத்துக்கு நேராக ஒரு கார் வந்தது. வந்தது... நின்றது. ஓட்டியவள் நிறுத்தவில்லை. அதுவாக நின்றது.

செல்லதுரை, வேன் கதவைச் சாத்து, சாரல் உள்ளே அடிக்கிறது. கல்யாண மண்டபத்தில் இரண்டு வீட்டாரும் ஏசியில் தூங்குகிறார்கள். ஊர் ஊராக அவர்களை ஏற்றிவந்த டிரைவர்களுக்கு ஒரு பாய் கொடுக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. இந்தக் கொசுவில் தூங்க முடியாது. நெருங்கி உட்காருங்கள், சொல்கிறேன்.

"பகல்ல ஏதுண்ணே பேய்? அதுக்கெல்லாம் நைட் ட்யூட்டிதான்" என்கிறான் செல்லதுரை. இவனுக்கு எல்லாம் தெரியும். சிமெண்ட் பேக்டரி இருக்கிற ஊர் தம்பி இது. பேய்க்கும் இரண்டு ஷிப்ட் உண்டு. பேசாமல் கேள்.

இது எனக்கு நடந்ததில்லை. அரியலூரில் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற வீரமணி என் கூட ஐ.டி.ஐ. படித்தவன். அவனுடைய தங்கச்சி ஜோதிக்கு நடந்தது. ஜோதியின் புருஷன் மணிவண்ணன் டிப்பர் ஓட்டிக்கொண்டிருந்தவன். ஆள் நல்ல திடகாத்திரம். திடீரென்று முகம் ஊதியது, கால் ஊதியது. ஆஸ்பத்திரியில் பார்த்தால் இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்துக்கு இரண்டு நாள் பெரம்பலூருக்குக் கூட்டிப்போய் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்து கூட்டிவர வேண்டும். டயாலிசிஸ். ஒரு நடை தவறினால் மூச்சு முட்டும். தொடர்ந்து தவறினால் ஆள் இல்லை. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மீதியைக் கேளுங்கள்.

முதலில் பஸ்ஸில்தான் போய்வந்தார்கள். டயாலிசிஸ் முடிந்தால் மனிதன் துவைத்துப் பிழிந்த துணி. ஒருநாள் பஸ்ஸில் நின்றபடியே மயங்கி விழுந்தான். கண்டக்டர் பயந்துபோய் வழியில் ஒரு புளிய மரத்தடியில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். அந்த மரத்தடியில் புருஷன் தலையை மடியில் வைத்துக்கொண்டுதான் ஜோதி கார் வாங்குவது என்று முடிவு பண்ணினாள். ஓட்டக் கற்றாள், லைசென்ஸ் எடுத்தாள், பெரம்பலூரில் ஒரு புரோக்கரிடம் பழைய கார் ஒன்றைப் பிடித்தாள். "பொம்பளைப் புள்ள தனியா அவ்வளவு தூரம் ஓட்டுவியா?" என்று கேட்டவர்களை எல்லாம் "ஏன், நீங்க வந்து ஓட்டறீங்களா?" என்று கேட்டாள். 

அந்தக் கார்தான் அந்தப் பள்ளத்துக்கு நேராக நின்றது.

பின் சீட்டில் மணிவண்ணன் சுருண்டு படுத்துத் தூங்குகிறான். முன்னால் ஜோதி மட்டும். இஞ்சின் ஒரு உதறு உதறி அணைந்தது. ஏசி நின்றது. அப்படியொரு அமைதி. வெளியே காற்றுகூட இல்லை. அப்புறம்...

டிங்... டிங்... டிங்...

இடது பக்க சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாமல் இருந்தால் அடிக்குமே, அந்த மணி. மீட்டரில் சிவப்பாக பெல்ட் போட்ட ஆள் படம். ஜோதி திரும்பிப் பார்த்தாள். சீட் காலி. அவளுடைய கைப்பை கீழே கிடக்கிறது. சீட்டின் மேல் ஒரு கர்ச்சீப் கூட இல்லை. அதோடு, வண்டி வேகம் எடுத்தால்தான் அந்த மணி அடிக்க வேண்டும். நின்ற வண்டியில் அடிக்கிறது.

கண்ணாடி எல்லாம் ஏற்றித்தான் இருந்தது. ஆனாலும் உள்ளே ஒரு வாசனை. வெள்ளையடிக்கச் சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் ஊற்றினால் குபுகுபுவென்று கொதித்து ஒரு சூடான வாசனை வருமே... அது.

சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இஞ்சின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மணி தானாக நின்றது. இன்னும் கொஞ்ச நேரம் கழித்து வண்டியும் தானாகப் பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து புருஷனைப் படுக்க வைத்துவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, நேராக அண்ணன் ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியை விட்டாள்.

வீரமணி சாவியை ஒரு பாயிண்ட் திருப்பினான். அப்படித் திருப்பினால் மீட்டரில் எல்லா லைட்டும் ஒரு தடவை எரிந்து அணையும், நமக்குத் தெரியும். இஞ்சின் லைட் மட்டும் எரியவில்லை. மீட்டரைக் கழற்றினால் உள்ளே அந்த லைட்டின் மேல் கறுப்பு டேப். புரோக்கர் வேலை. வண்டி "எனக்கு உடம்பு சரியில்லை" என்று கத்திக்கொண்டிருந்திருக்கிறது, அந்த ஆள் வாயைப் பொத்தி விற்றிருக்கிறான். இப்படி விற்கிற ஆள்களை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. உள்ளே கிடக்கப் போவது யாருடைய உயிர் என்று ஒரு நிமிஷம் யோசிப்பானா?

ஸ்கேனரை மாட்டிப் பார்த்தான். என்ன கோளாறு என்று காட்டுகிற எர்ரர் கோடு வந்தது. கிராங்க் சென்சார். இஞ்சின் சுற்றுகிறதா இல்லையா என்று வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்கிற சென்சார். அது வாயை மூடிக்கொண்டால் கம்ப்யூட்டர் டீசலை நிறுத்திவிடும், வண்டி நின்றுவிடும். வீரமணி ஸ்கேனரில் ஒரு பட்டனைத் தட்டி, "அழிச்சாச்சு ஜோதி. எடுத்துட்டுப் போ" என்றான்.

"ஏன் வந்துச்சுன்னு கேட்டா அழிச்சாச்சுங்கறியே அண்ணே. வூடு பத்தி எரிஞ்சா பொகையை மட்டும் விசிறி வுடுவியா?"

அவள் கேட்டது சரிதான் என்று அடுத்த நடையிலேயே தெரிந்தது. அதே இடம், அதே உச்சிப்பொழுது. உதறியது, நின்றது. டிங்... டிங்... டிங்... அதே சுண்ணாம்பு வாசனை.

இந்தத் தடவை வீரமணி ஒழுங்காக உட்கார்ந்து பார்த்தான். சென்சாரைக் கழற்றி, டீக்கடையில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வாங்கிவந்து அதில் போட்டு மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தான். சூடு ஏற ஏற சென்சார் செத்துப்போனது. ஆறினால் உயிர் வந்தது. "பாத்தியா? பெரம்பலூர்ல எடுத்தா அந்தப் பள்ளத்துக்கு வர்றதுக்கும் இது நல்லா சூடேறதுக்கும் சரியா இருக்கு. அதான் அங்கயே நிக்குது. பேயுமில்ல கீயுமில்ல." புதுசு மாட்டினான். சீட்டுக்கு அடியில் மணியின் சாக்கெட்டைத் துடைத்து இறுக்கினான். டேப்பையும் பிய்த்தெறிந்தான்.

"அப்ப கதை முடிஞ்சுதா?" என்கிறான் செல்லதுரை. இவனை எழுப்பி மழையில் நிற்க வைத்தால் என்ன?

முடியவில்லை. கொஞ்ச நாள் நன்றாக ஓடியது. அப்புறம் ஒருநாள் மறுபடியும் அங்கேயே நின்றது. இந்த முறை லைட் எரிந்தது, அதே கோடுதான். ஆனால் சென்சார் புதுசு, வெந்நீரில் போட்டாலும் அசையவில்லை. வீரமணி வண்டிக்கடியில் படுத்து ஒயரைக் கையால் தடவிக்கொண்டே போனான். ஓரிடத்தில் விரல் நின்றது. ஒயர் தோலுரிந்து செம்பு தெரிகிறது. அந்த இடத்தில் என்ன உரசுகிறது என்று பார்த்தால்... ஒரு லாடம். மாட்டுக் காலில் அடிக்கிற இரும்பு லாடம். கூடவே ஒரு கரித்துண்டும் வேப்பிலையும் கந்தல் துணியில் முடிந்து, கறுப்புக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறது. பானெட்டுக்குள் கட்டியது, ஆடி ஆடி இறங்கி, நேராக அந்த ஒயரில் வந்து தேய்த்திருக்கிறது.

கட்டியது மணிவண்ணனின் அம்மா, ஆண்டாயி. ஜோதி லாடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

"இது நீங்க கட்டுனதா அத்தை?"

"ஆமா, நாந்தான் கட்டுனேன். கறி எடுத்தாந்தாலே பேய் பின்னாலயே வந்துரும்னு பையில கரித்துண்டு போட்டுல்ல எடுத்தாருவோம். ரத்தம் மாத்திட்டு அந்த வாடையோட உச்சியில அந்தப் பள்ளத்து மேல வரீங்களே, அது சும்மா இருக்குமா?"

"அவரு என்ன கறியா?"

"அதுக்குத் தெரியுமா கறியா மனுசனான்னு? வேணாம்மா. அந்த வண்டியை வித்துப்புடு."

"லாடம் கட்டுனா பேய் நிக்காதுன்னு கட்டுனீங்க. வண்டிதான் நின்னுச்சு. வித்துட்டா உங்க மவனை எதுல கூட்டிட்டுப் போவேன்? நாலு நடை வுட்டா அவரே பேயாயிடுவாரு. அப்ப எங்க கட்டுவீங்க லாடத்தை?"

பெற்றவளிடம் சொல்லக் கூடாத வார்த்தை. ஆண்டாயி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது. சொன்ன பிறகு ஜோதியும் அழுதாளாம். ஆனாலும் லாடத்தை வேலிக்கு அந்தப் பக்கம் வீசிவிட்டுத்தான் உள்ளே போனாள். அவள் அப்படித்தான். அழுதுகொண்டே செய்தாலும் செய்ய வேண்டியதைச் செய்துவிடுவாள்.

வீரமணி ஒயரை மாற்றினான். ஒரு முழு நாள் வண்டியை அங்குலம் அங்குலமாகப் பார்த்தான். போனில் பார்க்கிற மாதிரி ஒரு சின்ன ஸ்கேனரை வாங்கி ஸ்டீயரிங்குக்கு அடியில் சொருகியே விட்டான். "இனிமே இந்த வண்டி நின்னா நான் தொழிலை வுட்டுடறேன்" என்றான்.

அடுத்த நடை. டயாலிசிஸ் முடிந்து திரும்புகிறார்கள். பள்ளம் தெரிகிறது... பச்சைத் தண்ணீர் வெயிலில் கண்ணைக் குத்துகிறது... வண்டி உதறவில்லை. தடுமாறவில்லை. யாரோ பக்குவமாகச் சாவியைத் திருப்பி அணைத்த மாதிரி அணைந்தது.

ஜோதி போனை எடுத்துப் பார்த்தாள். ஒரு கோடும் இல்லை. மீட்டரைப் பார்த்தாள். இஞ்சின் லைட் எரியவில்லை. இஞ்சின் ஓடவில்லை, ஆனால் வண்டிக்கு ஒரு குறையும் இல்லை என்கிறது கம்ப்யூட்டர்.

டிங்... டிங்... டிங்...

இந்த முறை மணி நிற்கவில்லை. சுண்ணாம்பு வாசனை மூக்கை எரித்தது. ஜோதி காலி சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சீட்டின் நடுவில் ரெக்சின் லேசாக... உள்ளே போயிருந்தது. ஆள் உட்கார்ந்தால் போகுமே, அப்படி.

நானாக இருந்தால் கதவைத் திறந்து பெரம்பலூர் வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் ஓடியிருப்பேன். சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் அவள் எங்கே ஓடுவாள்? பின் சீட்டில் புருஷன் கிடக்கிறான். வெயிலில் வண்டி அடுப்பாகிக்கொண்டிருக்கிறது. அவளுக்குப் பயம் வரவில்லையாம், கோபம்தான் வந்ததாம். யார் யாரோ ஏய்த்த கோபம். புரோக்கர், கண்டக்டர், லாடம், இப்போது இது.

எட்டி இடது பக்க பெல்ட்டை இழுத்தாள். காலி சீட்டின் மேல் குறுக்கே கொண்டுவந்து... கொக்கியில் அழுத்தினாள். டக்.

"ஏறுனா பெல்ட்டுப் போடணும். எனக்கு நேரமாவுது" என்றாள்.

மணி நின்றது. சாவியைத் திருப்பினாள். முதல் திருப்பிலேயே வண்டி எடுத்தது.

அன்றிலிருந்து பெரம்பலூர் ஆஸ்பத்திரி வாசலிலேயே அந்தக் காலி சீட்டுக்கு பெல்ட்டை மாட்டிவிட்டுத்தான் வண்டியை எடுப்பாள். அதற்குப் பிறகு வண்டி நிற்கவில்லை. மணியும் அடிக்கவில்லை. பள்ளத்தைத் தாண்டும்போது வாசனை மட்டும் வரும், வீடு வரைக்கும் கூடவே இருக்கும். வீரமணியிடம் சொன்னபோது அவன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். "சென்சார்ல ஏதோ..." என்று ஆரம்பித்தான், முடிக்கவில்லை. ஜோதி சொன்னாள், "ரிப்பேரு ஆயிருச்சுல்ல? வுடு."

ஆடி மாதம். புழுதிக் காற்று. அன்றைக்கு மணிவண்ணனுக்கு ஆஸ்பத்திரியிலேயே முடியவில்லை. கண்ணைத் திறக்காமலே வந்து பின் சீட்டில் படுத்தான். அவன் இடது கையில் ரத்தக் குழாய்களைச் சேர்த்து ஒன்றாகத் தைத்திருப்பார்கள், அதில்தான் டயாலிசிஸ் ஊசி போடுவார்கள். ஊசியை எடுத்த பிறகு பஞ்சு வைத்து இறுக்கிக் கட்டி அனுப்புவார்கள். அந்தக் கட்டு பத்திரமாக இருக்க வேண்டும். அந்த இடத்தில் திறந்துகொண்டால் பைப்பைத் திறந்துவிட்ட மாதிரி ரத்தம் போகும். ஜோதி கட்டைத் தொட்டுப் பார்த்தாள், துண்டைப் போர்த்திவிட்டாள், காலி சீட்டுக்கு பெல்ட் போட்டாள், கிளம்பினாள்.

பள்ளம் வருவதற்கு முன்பே... டிங்.

பெல்ட்டைப் பார்த்தாள். மாட்டித்தான் இருக்கிறது.

டிங்... டிங்... டிங்... டிங்... இதுவரைக்கும் இப்படி வேகமாக அடித்ததில்லை. பெல்ட் இறுகுகிறது, தளர்கிறது, இறுகுகிறது. அதற்குள் யாரோ திமிறுகிற மாதிரி. பள்ளத்துக்கு நேராக இஞ்சின் அணைந்தது.

"பெல்ட்டுதான் போட்டிருக்கே, இன்னும் என்னடி வேணும் உனக்கு?" என்று கத்தினாள் ஜோதி. பேயோ பிசாசோ, அதை 'டி' போட்டுக் கூப்பிட்டவள் எனக்குத் தெரிந்து அவள் ஒருத்திதான். கத்திவிட்டு, புருஷன் விழித்திருப்பானே என்று பின்னால் திரும்பினாள்.

துண்டு சிவப்பாக இருந்தது. சீட் சிவப்பாக இருந்தது. கீழே கால்மிதியில் குட்டையாகத் தேங்கியிருந்தது. கட்டு எப்போதோ நழுவியிருக்கிறது. மணிவண்ணன் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. தூக்கத்திலேயே போய்க்கொண்டிருந்தான்.

இரண்டு சீட்டுக்கும் நடுவே பாய்ந்து பின்னால் போனாள். கட்டை விரலை அந்த ஓட்டையில் வைத்து அழுத்தினாள். ரத்தம் நின்றது. விரலை எடுத்தால் பீறிடுகிறது. போன் முன்னால் இருக்கிறது, ஸ்டீயரிங் முன்னால் இருக்கிறது. விரலை எடுக்க முடியாது. ரோட்டில் ஈ காக்கை இல்லை. "யாராச்சும் வாங்களேன்" என்று கத்தினாள். ஏற்றிவிட்ட கண்ணாடிக்குள் அந்தச் சத்தம் அவளுக்கே திரும்பி வந்தது. தொண்டை போய்விட்டது.

அப்போது முன் சீட்டைப் பார்த்துச் சொன்னாள்.

"உக்காந்து வேடிக்கை பாக்காத. ஹாரனை அடி."

ஹாரன் அடித்தது.

விட்டு விட்டு இல்லை. ஒரே இழுப்பு. காது பிளக்கிற மாதிரி, நிற்காமல். அந்தப் பக்கத்து ரோட்டில் டிப்பரை நிறுத்திவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு டிரைவர், எவன்டா இவன் என்று திட்டிக்கொண்டே வந்து பார்த்தார். அவர் கார்க் கதவைத் திறந்ததும் ஹாரன் நின்றது. பின்னால் ரத்தத்தில் உட்கார்ந்திருக்கிற பெண்ணைப் பார்த்தவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஸ்டீயரிங்கில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். உடனே எடுத்தது. ஜோதி விரலை எடுக்காமலே அரியலூர் ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தாள். தையல் போட்டார்கள், ரத்தம் ஏற்றினார்கள். மணிவண்ணன் பிழைத்துக்கொண்டான்.

ஊரில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கட்டை அவிழ்த்ததே அதுதான் என்றது ஆண்டாயி. ஹாரன் ஒயர் ஷார்ட்டாகியிருக்கும் என்றான் வீரமணி, சொல்லும்போது அவன் முகத்தில் நம்பிக்கை இல்லை. அந்த வண்டியைக் கொளுத்திவிடச் சொன்னவர்களும் உண்டு. ஜோதி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். சீட்டைக் கழுவிக் காய வைத்தாள். அடுத்த டயாலிசிஸுக்கு அதே வண்டியை எடுத்தாள். திரும்பும்போது அதே ரோட்டில் இறங்கினாள்.

"அறிவிருக்காண்ணே அந்தப் பொண்ணுக்கு?" என்கிறான் செல்லதுரை. அவன் குரல் இப்போது கொஞ்சம் இறங்கித்தான் இருக்கிறது.

பள்ளம் வந்தது. இந்த முறை வண்டி நிற்கவில்லை, ஜோதி நிறுத்தினாள். இறங்கிச் சுற்றிப் போய் இடது பக்கக் கதவைத் திறந்தாள். பெல்ட்டை அவிழ்த்தாள். அது சரசரவென்று மேலே ஏறிப் போனது.

"எறங்கு" என்றாள்.

வெயில். பச்சைத் தண்ணீர். எங்கேயோ ஒரு காட்டுப் புறா.

"நீ நல்லவளோ கெட்டவளோ, எனக்குத் தெரிய வேணாம். கேக்காம எவளும் எவனும் என் வண்டியில ஏறக் கூடாது. இவரு எம் புருசன். இவரை நான் பாத்துக்குவேன். எறங்கு."

சீட்டின் ரெக்சின் மெதுவாக... மேலே எழும்பியது. வாசனை அவளைத் தாண்டி, பள்ளத்துப் பக்கம் போய், இல்லாமல் போனது. ஜோதி கதவை ஓங்கிச் சாத்தினாள்.  வண்டியை எடுத்துக் கொஞ்ச தூரம் போயிருப்பாள். பின்னாலிருந்து மணிவண்ணன் முனகினான்.

"ஏன் ஜோதி அந்தப் பொண்ணை எறக்கி வுட்டுட்ட?"

ஜோதி வண்டியை நிறுத்தினாள். திரும்பவில்லை.

"எந்தப் பொண்ணுங்க?"

"அதான்... நீ கூட்டியாருவியே, துணைக்கு. ஆஸ்பத்திரிப் புள்ளைன்னு நெனச்சேன். மொதல்ல எல்லாம் இந்தப் பள்ளத்துல முன்னாடி ஏறி, கொஞ்ச நேரத்துல எங்கூடப் பின்னாடி வந்துருவா. வூடு வர்ற வரைக்கும் கட்டை அமுக்கிப் புடிச்சுட்டே வருவா. கை சில்லுன்னு இருக்கும், நல்லா இருக்கும். அப்புறம் நீதான் அவளை முன்னாடி பெல்ட்டுப் போட்டு உக்கார வச்சிட்ட. அவளும் எட்டி எட்டிப் பாத்தா. கை எட்டல."

மணிவண்ணன் கண்ணை மூடிக்கொண்டேதான் பேசினான். ஜோதி ரொம்ப நேரம் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியதாம், துடைக்கவில்லை. அப்புறம் ரிவர்ஸ் கியரைப் போட்டாள். பள்ளம் வரைக்கும் பின்னாலேயே வந்தாள். இறங்கினாள். இந்த முறை முன் கதவைத் திறக்கவில்லை. பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். கூப்பிடவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. வெயிலில் அப்படியே நின்றாள். மணி அடிக்கவில்லை. ஒரு இலை கூட அசையவில்லை.

"போதும் ஜோதி, கதவைச் சாத்து" என்றான் மணிவண்ணன். "ஏறிட்டா."

ஜோதி கதவைச் சாத்திவிட்டு வந்து ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தாள். முன்னால் பார்த்தபடியே சொன்னாள்.

"புடிச்சா வூடு வர்ற வரைக்கும் கையை எடுக்கக் கூடாது. எடுத்தா நடக்கறதே வேற. சொல்லுங்க அவகிட்ட."



"கேக்குதாம்" என்றான் மணிவண்ணன்.